உப்பில்லாத சாம்பாருக்கு இருபத்து மூன்று மதிப்பெண்

என் அருமைக் கனகு,

முதலில் ஒரு திருத்தம். போன ஞாயிற்றுக்கிழமை, பெரம்பலூரில் நாம் இருவரும் வேலை பார்த்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், பழைய மாணவிகள் கூடி உனக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். உன் படத்துக்கு மாலை போட்டார்கள். பிறகு பேசியவர்களில் இரண்டு பேர் உன்னை விட்டுவிட்டு என்னைப் புகழத் தொடங்கினார்கள். "கனகவல்லி டீச்சர் கொஞ்சம் கறாருங்க. ஆனா சரோஜினி டீச்சர் காலனிப் பிள்ளைங்களுக்குத் தாய் மாதிரி. அவங்க எட்டு மார்க் போட்ட பொண்ணுக்கு இவங்க இருபத்து மூணு போட்டாங்க" என்றார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டக் கூடாது என்பதுகூட ஒருவருக்கும் தெரியவில்லை.

இருபத்து மூன்று போட்டது உண்மை. தாய் மாதிரி என்பது பொய். அந்தப் பெண் செய்த சாம்பாரை நான் வாயில் வைக்கவே இல்லை.

இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். பதினான்கு வருஷம் நாம் இருவரும் அதைப் பேசாமல் பொங்கல் வாழ்த்து அட்டை மட்டும் அனுப்பிக்கொண்டோம். இனி நீ அனுப்பப் போவதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே மறுபடி கேட்க வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

அப்போது ஒன்பதாம் வகுப்பிலிருந்து மனையியல் ஒரு பாடம். பருவத்துக்கு ஒருமுறை சமையல் செய்முறைத் தேர்வு. நான்கு பேருக்கு ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். ஒவ்வொருத்தியும் ஒரு பதார்த்தம் செய்து, கிண்ணத்தில் எடுத்து, வாழை இலை நறுக்கால் மூடி, ஆசிரியைகள் அறையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். ருசி பார்த்து மதிப்பெண் போடுவது வழக்கம், இருபத்தைந்துக்கு. தேர்வு நாளன்று எந்த ஆசிரியையும் வீட்டிலிருந்து குழம்பு கொண்டுவர மாட்டோம். வெறும் சோறுதான் வரும். பிள்ளைகளின் கிண்ணங்கள்தான் அன்றைக்கு எங்கள் சாப்பாடு.

நான் ஆங்கில ஆசிரியை. மனையியலுக்கு ஆள் வராததால் அந்த வருஷம் முதல் பருவம் முழுக்க அதையும் நானே பார்த்தேன்.

அந்த வகுப்பில் இருந்த ஒரே காலனிப் பெண் பூங்காவனம். அவள் அம்மா களையெடுக்கப் போகிறவள். பூங்காவனம் தொட்ட ஸ்டவ்வை மற்ற மூன்று பெண்களும் தொட மறுத்தார்கள். "ஏய், தள்ளி நில்லுடி. உன் மூச்சு எங்க சட்டியில படுது" என்றாள் ஒருத்தி. "அவ பாத்தாலே பால் திரிஞ்சிரும்டி" என்றாள் இன்னொருத்தி. அவள் உட்கார்ந்து எழுந்த பலகையில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ஒருநாள் அவள் புத்தகப் பையைக் கொடிக்கம்பத்துக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றிவிட்டு, "காலனிக் கொடி பறக்குதுடோய்" என்று கைகொட்டிச் சிரித்தார்கள். நான் பார்த்தேன். பையை இறக்கச் சொன்னேன். ஏற்றியது யார் என்று கேட்கவில்லை. காப்பியடித்த பெண்ணை நாள் முழுக்க வெயிலில் நிறுத்தியவள் நான். இதற்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கேட்பதற்குப் பதில் ஓர் ஏற்பாடு செய்தேன். வேப்பமரத்தடியில் மூன்று செங்கல் வைத்து அவளுக்கு மட்டும் தனி அடுப்பு. "யாரோடும் சண்டை போட வேண்டாம் பார், உனக்கே உனக்கு" என்றேன். "சரிங்க டீச்சர்" என்றாள். என் குறிப்பேட்டில் 'சச்சரவு தீர்ந்தது' என்று எழுதினேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. என் கையெழுத்தைப் புகழாதவர்கள் இல்லை. அந்த வரியும் அழகாகத்தான் இருக்கிறது.

அந்தப் பருவத்தில் அவள் செய்தது வெண்பொங்கல். ஆசிரியைகள் அறைக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்றாள். ஆயா மாரியாயி கிண்ணத்தை வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். இலையை நீக்கிப் பார்த்தேன். முந்திரி மேலே தெரிந்தது. இருபத்திரண்டு போட்டேன். "இத எங்கங்க டீச்சர் கொட்டறது?" என்று மாரியாயி கேட்டாள். நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. "பின்னால" என்றேன். பூங்காவனம் இன்னும் வாசலை விட்டுப் போகவில்லை.

ஏன் சாப்பிடவில்லை என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். திருச்சி கான்வென்ட் விடுதியில் நான் எட்டு வருஷம் படித்தேன். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். எனக்கு மட்டும் வீட்டிலிருந்து வந்த வெள்ளித் தட்டு, பெயர் வெட்டியது. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்று அப்பா மதரிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது. யாரையும் நான் திட்டியதில்லை, அடித்ததில்லை. காலனிப் பெண்ணுக்கு மதிப்பெண்ணைக் குறைத்ததில்லை. அதனால் என்னை நியாயமானவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு என்னிடம் இருக்கும் காரணம் இவ்வளவுதான்.

ஐப்பசியில் நீ உடையார்பாளையத்திலிருந்து மாற்றலாகி வந்தாய். வந்த அன்றே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்த மரத்தடியில எதுக்கு செங்கல்?" என்றாய். சொன்னேன்.

"மழை பேஞ்சா என்ன பண்ணுவா?"

"மழைக்கு உள்ளே வந்துக்கலாம்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப மழை பேஞ்சா மட்டும் தீட்டு இல்லீங்களா?" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. மறுநாள் காலை செங்கல் மூன்றும் பள்ளிச் சுவரோரம் கிடந்தன. காலால் தள்ளியே கொண்டுபோனாய் என்று மாரியாயி சொன்னாள்.

உன்னை வீராங்கனையாக்கி எழுதினால் உனக்குப் பிடிக்காது. நீ யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. உனக்குச் சாப்பாட்டில் ஆசை, உன் பாடத்தில் பிடிவாதம், அவ்வளவுதான். வாரந்தோறும் வகுப்பில் ஒரு கரண்டியும் ஒரு சொம்புத் தண்ணீரும் எடுத்துக்கொள்வாய். முதல் சட்டி பூங்காவனத்தினுடையது. ருசி பார்த்து, கரண்டியை அலசிவிட்டு, அடுத்த சட்டியில் விடுவாய். வரிசையை ஒருநாளும் மாற்றவில்லை. முகம் சுளித்த பெண்ணிடம், "உனக்கு இஷ்டமில்லன்னா சட்டிய எடுத்துக்கிட்டு வூட்டுக்குப் போ. நான் பூஜ்யம் போட்டுக்கறேன்" என்றாய். எவளும் போகவில்லை. ஸ்டவ்வை நான்கு பேரும்தான் பற்றவைத்தார்கள். ஒருநாள் பூங்காவனத்தின் பருப்பில் யாரோ மண்ணைப் போட்டார்கள். அன்று ஒரு சட்டியையும் நீ ருசி பார்க்கவில்லை. வகுப்பு முழுவதற்கும் பூஜ்யம். அதற்குப் பிறகு மண் விழவில்லை.

வீடுகளில் பேச்சு கிளம்பியது. ரைஸ் மில் வைத்திருந்த ஒருவர் நேரே ஆசிரியைகள் அறைக்கே வந்தார்.

"ஏன் டீச்சர், அந்தக் கரண்டிய எம்பொண்ணு சட்டியில விட்டீங்களாமே?"

"விட்டேங்க."

"என்ன இவ்ளோ சாதாரணமா சொல்றீங்க?"

"உங்க பொண்ணு கொழம்புல புளி தூக்கலுங்க. வூட்ல அம்மாகிட்ட சொல்லி வைங்க, பரீட்சைக்குள்ள சரி பண்ணிக்கலாம்."

அவர் போன பிறகு, "பெரிய மனுஷங்க கனகு, பகைச்சுக்காதே" என்றேன். "எனக்குப் பெரிய விஷயமெல்லாம் தெரியாதுக்கா. சமைச்சத வாயில வெக்காம மார்க் போடத் தெரியாது. அவ்ளோதான்" என்றாய். என்னைக் குத்திச் சொன்னதாக நினைத்து நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். நான் ருசி பார்க்காமல் போட்டது அப்போது உனக்குத் தெரியவே தெரியாது.

அரையாண்டுத் தேர்வு வந்தது. மதிப்பெண் போட இரண்டு பேர், நீயும் நானும், தனித்தனிக் கிண்ணத்தில், தனித்தனித் தாளில். அன்று சாம்பார். மற்ற கிண்ணங்களை எல்லாம் ருசி பார்த்தேன். பூங்காவனத்தின் கிண்ணத்தில் கரண்டியைவிட்டுக் கலக்கினேன். நிறம் பார்த்தேன், பதம் பார்த்தேன். இருபத்து மூன்று என்று எழுதி, குறிப்பில் 'சுவை நன்று' என்று சேர்த்தேன். நீ உன் தாளில் எட்டு போட்டிருந்தாய். 'உப்பு இல்லை. கவனம் தேவை.'

மறுநாள் நீ வகுப்பில் இரண்டு தாள் மதிப்பெண்ணையும் வாசித்தது அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. பூங்காவனம் எழுந்தாள்.

"எட்டு யாரு போட்டதுங்க டீச்சர்?"

"நான்தான். ஏன்?"

"அப்ப நீங்க தின்னீங்களா?"

"தின்னாமயா போடுவாங்க? ஒரு கல்லு உப்பு இல்லடி அதுல. நாளைக்கு மறுபடி செஞ்சு கொண்டா."

அவள் சிரித்தாள், கனகு. எட்டு மதிப்பெண்ணுக்கு ஒரு பெண் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மதியம் நீ வந்தாய். "அக்கா, உங்க கிண்ணத்துல உப்பு இருந்துச்சா?" என்று கேட்டாய். எனக்கு ஜலதோஷம், ருசி தெரியவில்லை என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்றாய். மற்ற கிண்ணங்களுக்கு நான் 'புளிப்பு', 'காரம் அதிகம்' என்றெல்லாம் எழுதியிருந்தது உனக்குத் தெரியும். அந்தத் தாள்களைத் தொகுத்தவளே நீதான்.

ஒரு வாரத்தில் மனு போயிற்று. உன் கரண்டியைத் தீட்டு என்று சொன்ன அதே பெற்றோர்கள் கையெழுத்துப் போட்ட மனு. முதல் கையெழுத்து ரைஸ் மில்காரருடையது. என்ன எழுதியிருந்தார்கள்? ஹரிஜன மாணவி ஒருத்திக்கு மனையியல் ஆசிரியை சாதித் துவேஷத்தால் எட்டு மதிப்பெண் போட்டார். அதே பதார்த்தத்துக்கு மூத்த ஆசிரியை இருபத்து மூன்று கொடுத்திருக்கிறார். இதுவே அத்தாட்சி. கூசாமல் அப்படி எழுதியிருந்தார்கள்.

விசாரணைக்கு ஜீப்பில் அதிகாரி வந்தார். தலைமையாசிரியை அறையில் முதலில் பூங்காவனத்தைக் கூப்பிட்டார்கள். "நான் உப்பு போடலீங்க. வேணும்னுதான் போடல. யாரு தின்னு பாக்கறாங்கன்னு தெரியணும்னு. கனகவல்லி டீச்சர் மட்டுந்தான் தின்னாங்க" என்றாள். அதிகாரியின் பேனா அசையவில்லை. "டீச்சருக்குப் பயந்து சொல்லுது. நீ போம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ருசி பார்த்தீங்களாம்மா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தது?"

"நன்றாக இருந்தது" என்றேன். பேனா ஓடியது.

அறையில் நீயும் இருந்தாய். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தாயா? இல்லை, சொல்ல மாட்டேன் என்று அந்த நிமிஷமே தெரிந்துகொண்டாயா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ருசி பார்க்காமல் மதிப்பெண் போட்டவள் என்று பெயர் வந்துவிடும் என்பதுதான் என் பயம். அந்தப் பெயரிலிருந்து தப்பிக்க உனக்கு வேறு பெயர் வாங்கிக் கொடுத்தேன்.

உன்னைப் பூலாம்பாடிக்கு மாற்றினார்கள். 'ஹரிஜன மாணவியிடம் பாரபட்சம் காட்டியவர்' என்று உன் பணிப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. தலைமையாசிரியை ஆவதற்கான பட்டியல் வரும்போதெல்லாம் அந்த வரி குறுக்கே நின்றது என்று உன் தம்பி சொன்னான். கடைசிவரை உதவி ஆசிரியையாகவே இருந்தாய். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோதுகூட, "அக்கா, கான்டீன் இட்லி நல்லாயிருக்கு, சாப்பிட்டுப் போங்க" என்றுதானே சொன்னாய்? அன்றாவது நீ என்னை அதைக் கேட்டிருக்கக் கூடாதா?

பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் சொல்கிறேன். உன் அத்தான், என் வீட்டுக்காரர், இறந்த பிறகு நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். உச்சி வெயிலில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் வாசற்படியில் ஒருத்தி வந்து நிற்கிறாள். பாவாடை தாவணி, கையில் இலையால் மூடிய கிண்ணம். உள்ளே வருவதில்லை. போவதும் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தால் வெறும் வெயில். குனிந்து சோற்றைப் பிசைந்தால் மறுபடி அங்கேதான். நீ போன நாளிலிருந்து இரண்டு பேர் நிற்கிறீர்கள். சாப்பாட்டு இடத்தை மாற்றினேன். சமையலறையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இப்போது முதுகில் தெரிகிறது.

அத்தானிடமும் நான் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் புருஷனிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று அவர் கேலி செய்வார். எனக்கு இருந்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவர்கள் என்னைப் புகழ்ந்தபோது நான் மேடையில் உன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தே இருந்தேன். முடிந்து வெளியே வந்தால், கேட் அருகே வெள்ளைச் சேலையில் ஒரு நர்ஸ்.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்?"

"நீ யாரும்மா?"

"பூங்காவனம். இருபத்து மூணு மார்க்கு."

ரஞ்சன்குடிப் பக்கம் கிராமங்களில் சுகாதார நர்ஸாக இருக்கிறாளாம். "பிரசவத்துக்கு என் கைதான் வேணும் டீச்சர். கொழந்தைய மொதல்ல தொடறதே நான்தான். ஆனா காப்பி மட்டும் சில வூட்ல இன்னும் தனி டம்ளர்ல வரும். குடிக்காம வந்துருவேன்" என்றாள். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அன்னிக்கு எதுக்கும்மா உப்பு போடல?"

"மொதப் பருவத்துப் பொங்கலுக்கு நெய் கேட்டு எங்கம்மா நாலு வூடு ஏறி எறங்குச்சு டீச்சர். அது சாக்கடையில கெடந்தத நானே பாத்தேன். இருபத்து ரெண்டு மார்க்குன்னு வாசிச்சாங்க. வூட்ல போயி அம்மாகிட்ட என்ன சொல்ல? டீச்சருங்க நல்லா சாப்பிட்டாங்கன்னு சொன்னேன்."

அவளே தொடர்ந்தாள். "மேடையில நீங்க எந்திரிப்பீங்கன்னு பாத்தேன். எங்க டீச்சர் செத்துக்கூட கெட்ட பேரோட படமா தொங்குறாங்க."

"இப்ப நான் என்ன செய்யணும்ங்கற?"

"எழுதிக் குடுங்க. அன்னிக்கு நானும் அதே ரூம்லதான் சொன்னேன். என்னுத எழுதிக்கல. நீங்க சொன்னா எழுதிக்குவாங்க. அது ஒண்ணுதான் டீச்சர் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம்."

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் அப்பறம். பஸ்சு வந்துருச்சு, போயிட்டு வரேன்" என்று ஏறிவிட்டாள்.

அதனால் எழுதுகிறேன், கனகு. உனக்குக் கொடுக்கும் வாக்கு இது. மேலே எழுதியது எல்லாம் உண்மை என்று கையெழுத்திட்டு, சாட்சி வைத்து, கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வருகிற திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் இதைப் படிக்கத் தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். தராவிட்டால் பள்ளி வாசலில் நின்று படிப்பேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. ஆனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி படிப்பேன். அத்தனை வருஷம் வகுப்பில் கத்தியிருக்கிறேனே. யாராவது என் மேல் காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் படித்து முடிப்பேன்.

கல்வி அதிகாரி அவர்களுக்கு, இதே கடிதத்தில் என் வேண்டுகோள்: காலஞ்சென்ற ஆசிரியை கனகவல்லியின் பணிப் பதிவேட்டில் உள்ள அந்த வரி என் பொய்ச் சாட்சியால் எழுதப்பட்டது. அதை நீக்க வேண்டும். மாணவி பூங்காவனம் அன்று சொன்னதை அவள் சொன்னபடியே பதிவு செய்ய வேண்டும். ஆள் அனுப்பி வாய்மொழியாக "பார்க்கிறோம்" என்று சொல்ல வேண்டாம். நீக்கினீர்களா இல்லையா என்று எழுத்தில் பதில் தாருங்கள். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். பூங்காவனத்தின் பெயருக்கு அனுப்புங்கள். பழைய மாணவிகளிடம் கேட்டு வாங்கிய அவள் முகவரியை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கனகவல்லியின் அக்கா,
சரோஜினி